தொடர்பணிக் கணக்கும் வருகைப்பதிவேடும்: தொழிலாளர் சட்டக் கடைப்பிடிப்பு குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் வழங்கும் முதன்மையான உரிமைகள் பல, ஒரு தொழிலாளி எத்தனை நாள் பணியாற்றினார் என்னும் எண்ணிக்கையைச் சார்ந்தே அமைகின்றன. ஆட்குறைப்பு இழப்பீடு, பணிக்கொடை, ஊதியத்துடன்கூடிய விடுப்பு, தமிழ்நாட்டில் பணிநிரந்தரம் ஆகியவை இவ்வகையின. இவ்வெண்ணிக்கைக்கு அடிப்படையாகும் ‘தொடர்பணி’ என்னும் சட்டக்கருத்து அச்சொல்லின் வழக்குப் பொருளிலிருந்து விலகி நிற்பதையும், எந்தெந்த நாட்கள் கணக்கில் சேரும் என்பதையும், மெய்ப்பிக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. உரிமை நாட்கணக்கையும் நாட்கணக்கு பதிவேட்டையும் சார்ந்திருப்பதால், தொழிலாளி சரிபார்க்கத்தக்க பதிவேட்டைப் பேணுவதே வேலையளிப்பவரின் சட்டக் கடைப்பிடிப்பில் மையமானது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: தொடர்பணி, 240 நாட்கள், பணிநிரந்தரம், பணிக்கொடை, வருகைப்பதிவேடு, மெய்ப்பிக்கும் பொறுப்பு.

முன்னுரை

தொழிலாளர் சட்டக் கடைப்பிடிப்பு என்பது பொதுவாக உரிமங்களைப் புதுப்பித்தல், படிவங்களை உரிய நாளில் அனுப்புதல், நிதிப் பங்களிப்புகளைச் செலுத்துதல் ஆகியவற்றின் தொகுப்பாகவே பார்க்கப்படுகிறது. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள் வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல்களும் இவ்வாறே அமைகின்றன. வருகைப்பதிவேடு அப்பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே இடம்பெறுகிறது. ஆயினும் தொழிலாளர் நீதிமன்றத்திற்கு வரும் பணிநீக்க வழக்குகளில் பெரும்பாலும் முதலில் எழும் வினா, அத்தொழிலாளி 240 நாட்கள் பணியாற்றினாரா என்பதே. அவ்வினாவிற்கான விடையைத் தாங்கி நிற்கும் ஆவணம் வேலையளிப்பவரின் கையில் உள்ளது. இந்நிலையில் தொடர்பணி குறித்த சட்டவிதிகளையும் அவற்றுக்கு நீதிமன்றங்கள் அளித்த பொருளையும் ஒருசேர நோக்குவது தேவையாகிறது.

1. சொல்லும் சட்டப்பொருளும்

‘தொடர்’ என்னும் சொல் தமிழில் இடையறாமையைக் குறிக்கும். இடையே ஒருநாள் விடுபட்டாலும் தொடர்ச்சி அறுந்தது என்று கொள்வதே வழக்கு. சட்டத்தின் ‘தொடர்பணி’ இதற்கு மாறானது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25பி பிரிவு, நோய், ஒப்புதல் பெற்ற விடுப்பு, விபத்து, சட்டத்திற்கு முரணல்லாத வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறின்றி நேர்ந்த வேலைநிறுத்தி வைப்பு ஆகியவற்றால் பணி தடைப்பட்டாலும் அது தொடர்பணியே என்கிறது.

இவ்வகைத் தொடர்ச்சி இல்லாதவர்க்கும் அதே பிரிவு இரண்டாவது வழியொன்றைத் திறக்கிறது. கணக்கிடும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு நாட்காட்டி மாதங்களில் 240 நாட்கள் பணியாற்றியவர், ஓராண்டு தொடர்பணியில் இருந்தவராகக் கருதப்படுவார். சுரங்கத்தில் நிலத்தடியில் பணியாற்றுவோர்க்கு இவ்வளவு 190 நாட்களாகும். ஆறு மாதத் தொடர்பணிக்கு முறையே 120, 95 நாட்கள் போதும். எனவே சட்டத்தில் தொடர்பணி என்பது இருவகைப்படும். ஒன்று உண்மையான தொடர்ச்சி. மற்றொன்று எண்ணிக்கையால் கருதிக்கொள்ளப்படும் தொடர்ச்சி. “இடையில் பல நாள் வரவில்லை, ஆகவே தொடர்பணி இல்லை” என்று மேற்பார்வையாளர் கூறும் விளக்கம் சொல்லின் வழக்குப் பொருளைச் சட்டத்தின்மேல் ஏற்றுவதால் விளைவது. வராத நாட்கள் எத்தனை என்பதைச் சட்டம் கேட்பதில்லை. கணக்கில் சேரும் நாட்கள் 240 ஆயினவா என்பதையே கேட்கிறது.

2. எந்தப் பன்னிரண்டு மாதங்கள்

கணக்கில் அடுத்து எழும் சிக்கல் கால எல்லை பற்றியது. 1963ஆம் ஆண்டில் சூர் எனாமல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்றிருந்த சட்டவாசகத்தின்படி, தொழிலாளி பன்னிரண்டு மாதங்கள் வேலையில் இருந்திருக்கவும் வேண்டும், அக்காலத்தில் 240 நாட்கள் பணியாற்றியிருக்கவும் வேண்டும் என்று பொருள்கொண்டது. 1964ஆம் ஆண்டுத் திருத்தம் 25பி பிரிவை மாற்றியமைத்தது. திருத்தப்பட்ட பிரிவின்படி, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் பணியாற்றியிருந்தால் போதும், ஓராண்டு முழுதும் வேலையில் இருந்திருக்கத் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1980இல் தெளிவுபடுத்தியது.

ஆட்குறைப்பில் கணக்கிடும் நாள் என்பது பணிநீக்க நாளாகும். அந்நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதங்களை எண்ணுதல் வேண்டும். சனவரி முதல் திசம்பர் வரையிலோ, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலோ முடிக்கப்படும் ஆண்டுக் கணக்கு இங்குப் பொருந்தாது. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ஒரு தொழிலாளி 2022 சூலையில் சேர்ந்து அவ்வாண்டு இறுதிவரை 128 நாட்களும், 2023 சனவரி முதல் சூன் இறுதிவரை 124 நாட்களும் பணியாற்றிய பின் நீக்கப்படுகிறார் எனக் கொள்வோம். நாட்காட்டி ஆண்டுவாரியாகப் பார்த்தால் எந்த ஆண்டிலும் அவர் 240 நாட்களை எட்டவில்லை. நீக்க நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 252 நாட்கள் ஆகின்றன. கணக்கின் தொடக்க நாளை மாற்றிவைப்பதாலேயே ஓர் உரிமை கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது.

3. எவையெவை நாட்கள்

பணியாற்றிய நாள் என்பது தொழிலாளி நேரில் வந்து உழைத்த நாள் மட்டுமன்று. தற்காலிக வேலையின்மையால் நிறுத்தி வைக்கப்பட்ட நாட்கள், முந்தைய ஆண்டுகளில் ஈட்டி முழு ஊதியத்துடன் எடுத்த விடுப்பு நாட்கள், பணியின்போதும் பணியின் காரணமாகவும் நேர்ந்த விபத்தால் வரவியலாத நாட்கள், பெண் தொழிலாளியின் மகப்பேற்று விடுப்பில் பன்னிரண்டு வாரத்திற்கு மேற்படாத நாட்கள் ஆகியவற்றை 25பி பிரிவின் விளக்கம் கணக்கில் சேர்க்கிறது.

வாராந்திர விடுமுறை பற்றிய ஐயத்தை 1985இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கு தீர்த்துவைத்தது. சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ ஊதியம் வழங்கப்படும் ஞாயிற்றுக்கிழமைகளும் பிற விடுமுறைகளும் 240 நாள் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் ஊதியத்துடன் வழங்குகிறது. இவையும் இத்தீர்ப்பின் எல்லைக்குள் அடங்கும்.

இதன் விளைவை எண்களால் உணரலாம். ஒரு தொழிலாளி பன்னிரண்டு மாதங்களில் 196 நாட்கள் நேரில் பணியாற்றினார். ஊதியத்துடன்கூடிய வாராந்திர விடுமுறை 34 நாட்கள், தேசிய, பண்டிகை விடுமுறை 7 நாட்கள், ஈட்டிய விடுப்பு 8 நாட்கள், பணிவிபத்தால் வராத நாட்கள் 12 என்று கொண்டால் மொத்தம் 257 ஆகிறது. வருகைப்பதிவேட்டில் ‘வந்தார்’ என்ற குறியை மட்டும் எண்ணுபவர்க்கு அத்தொழிலாளி 44 நாட்கள் குறைந்தவர். சட்டப்படி எண்ணுபவர்க்கு 17 நாட்கள் மிகுந்தவர். ஆகவே வருகைப்பதிவேடு மட்டும் போதாது. ஊதியப்பதிவேடு, விடுப்புப்பதிவேடு, விபத்துப்பதிவேடு ஆகியவற்றையும் சேர்த்துப் படித்தாலன்றி இக்கணக்கு நிறைவுறாது.

4. ஓர் எண், வேறுவேறு அளவுகோல்கள்

240 என்னும் எண் பல சட்டங்களில் வருவதால் அவை யாவும் ஒரே கணக்கு என்னும் மயக்கம் நேர்கிறது. ஆட்குறைப்பில் இவ்வெண், ஒருமாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம், நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாட்களின் சராசரி ஊதியம் என்னும் இழப்பீடு ஆகியவற்றைப் பெறும் தகுதியைத் தருகிறது. 25எஃப் பிரிவின் இந்நிபந்தனைகளை நிறைவேற்றாத ஆட்குறைப்பு சட்டப்படி நிலைக்காது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவில் 240 நாட்கள், ஊதியத்துடன்கூடிய ஆண்டு விடுப்புக்குரிய தகுதியாகும். அங்கு அளவுகோல் நாட்காட்டி ஆண்டே. பின்னோக்கி எண்ணும் முறை அங்கில்லை. ஒரே மென்பொருளில் ஒரே சூத்திரத்தால் இரண்டையும் கணக்கிடும் நிறுவனம், இவ்விரண்டில் ஒன்றைப் பிழையாகவே கணக்கிடும்.

1972ஆம் ஆண்டுப் பணிக்கொடை வழங்கல் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியைக் கோருகிறது. இறப்பு, உடல் இயலாமை ஆகியவற்றில் இவ்வைந்தாண்டு நிபந்தனை இல்லை. அச்சட்டத்தின் கீழ் 1981இல் லட்சுமி விஷ்ணு ஆலை வழக்கில், ஓராண்டில் 240 நாட்கள் உண்மையில் பணியாற்றாத நிரந்தரத் தொழிலாளர்க்கு அவ்வாண்டிற்குரிய பணிக்கொடை இல்லை என்றும், பதிலித் தொழிலாளர் அதற்குத் தகுதியற்றவர் என்றும் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் தொடர்பணி குறித்த 2ஏ பிரிவைச் சேர்த்தது. நிலத்தடிச் சுரங்கங்களிலும், வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களிலும் 190 நாட்கள், ஏனையவற்றில் 240 நாட்கள் என்பது அதன் அளவு. வாரம் ஐந்து நாள் இயங்கும் தகவல் தொழில்நுட்ப அலுவலகத்திற்கு 240 என்னும் எண்ணைப் பொருத்துவது இதனால் பிழையாகும்.

ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் நிறைவுற்றால் அவ்வாண்டு முழுமையுற்றதாகக் கொள்ளப்படும் என்று 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. மாத ஊதியம் 18,000 ரூபாய் பெறும் ஒருவர் நான்கு ஆண்டு எட்டு மாதத்தில் பணிவிலகுவதாகக் கொண்டால், ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆலும் ஐந்தாலும் பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 51,900 ரூபாய். ஐந்தாம் ஆண்டின் நாட்கணக்கு 240ஐத் தொட்டால் இத்தொகை முழுவதும் உண்டு. தொடாவிடில் ஒன்றுமில்லை. பதிவேட்டின் ஒரு வரிக்கு உள்ள மதிப்பு இதனால் விளங்கும்.

5. தமிழ்நாட்டின் 480 நாள் சட்டம்

மேற்கண்டவை பணியின் முடிவில் எழும் உரிமைகள். பணி நடைபெறும்போதே ஒரு நிலையை வழங்குவது தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்க்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம், 1981. இருபத்துநான்கு நாட்காட்டி மாதங்களில் 480 நாட்கள் தொடர்பணியாற்றிய தொழிலாளி நிரந்தரமாக்கப்படுதல் வேண்டும் என்பது இதன் 3ஆம் பிரிவு. தொழிற்சாலை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து, பீடித்தொழில், கடைகள், உணவகங்கள் முதலியன இதன் வரம்பில் அடங்கும். பருவகாலத் தன்மையுடைய நிறுவனங்களுக்கும், கட்டடம், பாலம், சாலை முதலிய கட்டுமானப் பணிகளில் ஈடுபடும் நிறுவனங்களின் தொழிலாளர்க்கும் இது பொருந்தாது.

480 என்பது 240இன் இருமடங்கு என்பதால் ஆண்டுக்கு 240 என இருமுறை எட்டவேண்டும் என்று கொள்வது தவறாகும். முதல் பன்னிரண்டு மாதங்களில் 300 நாட்களும் அடுத்த பன்னிரண்டில் 190 நாட்களும் பணியாற்றியவர் 490 நாட்களுடன் தகுதி பெறுகிறார். 250 நாட்களும் 225 நாட்களும் பணியாற்றியவர் 475 நாட்களுடன் நின்றுவிடுகிறார். இவர்க்கு 3ஆம் பிரிவு கைகொடுக்காவிடினும், ஆட்குறைப்புப் பாதுகாப்பு தனியே நோக்கத்தக்கது.

இச்சட்டத்தின் சிறப்பு அதன் விதிகளில் உள்ளது. தொழிலாளர் பெயர்ப்பதிவேட்டை வேலையளிப்பவர் பேணவேண்டும். தம் பெயர் விடுபட்டிருப்பதாகவோ பதிவு பிழையாக இருப்பதாகவோ காணும் தொழிலாளி ஆய்வாளரிடம் முறையிடலாம். ஆய்வாளர் விசாரித்துப் பதிவேட்டைத் திருத்தவும் நிரந்தர ஆணை வழங்கவும் பணிக்கலாம். பதிவேடு இங்கு நிருவாகத்தின் தனிக்குறிப்பாகக் கருதப்படவில்லை. தொழிலாளி பார்க்கவும் மறுக்கவும் உரிமையுள்ள ஆவணமாகவே அமைக்கப்பட்டுள்ளது.

அரசுப் பணிகளில் 2006ஆம் ஆண்டு உமாதேவி வழக்கின் அரசியலமைப்பு ஆயத் தீர்ப்பு, முறையான தேர்வின்றி நியமிக்கப்பட்டவர்கள் நெடுநாள் பணியை மட்டும் காட்டி நிரந்தரம் கோரவியலாது என்றது. தொழிலாளர் சட்டங்களின் கீழ்த் தொழில் நீதிமன்றங்களுக்குரிய அதிகாரத்தை அத்தீர்ப்பு பறிக்கவில்லை என்று 2009இல் மகாராட்டிர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் மனிதவள அலுவலர்க்கு இன்றியமையாதது.

6. மெய்ப்பிக்கும் பொறுப்பு

240 நாட்கள் பணியாற்றியதை யார் மெய்ப்பிப்பது? கூறுபவரே மெய்ப்பித்தல் வேண்டும் என்பது பொதுவிதி. 2002இல் வனச்சரக அலுவலர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உறுதிமொழிப் பத்திரம் மட்டும் போதிய சான்றாகாது என்றது. நியமன ஆணையோ ஊதியச்சீட்டோ பெறாத தினக்கூலியர்க்கு இவ்விதி கடுமையானது. தம்மிடம் தரப்படாத ஆவணத்தை அவர்கள் காட்டவேண்டியதாயிற்று.

2005இல் எழுந்த மற்றொரு தீர்ப்பு இக்கடுமையைத் தணித்தது. பொறுப்பு தொழிலாளியுடையதே எனினும், அவர் சாட்சிக்கூண்டேறிச் சான்று கூறுவதாலும், வருகைப்பதிவேட்டையும் ஊதியப்பதிவேட்டையும் முன்வைக்குமாறு நிருவாகத்தைக் கோருவதாலும் அதனை நிறைவேற்றலாம் என்றது. பதிவேடு முன்வைக்கப்படாதபோது எதிர்மறை ஊகம் கொள்ளலாமா என்பது வழக்கின் தன்மையைப் பொறுத்தது. 2009இல் குசராத்து மீன்வளப் பிரிவு வழக்கில், தொழிலாளி சான்றளித்த பின் பொறுப்பு நிருவாகத்திற்கு மாறுகிறது என்றும், முழுமையான ஆவணங்களை முன்வைக்காத நிருவாகத்திற்கு எதிராக ஊகம் கொள்வது முறையே என்றும் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இத்தீர்ப்புகளின் போக்கு ஒன்றை உணர்த்துகிறது. பதிவேடு பேணாமை தொடக்கத்தில் நிருவாகத்திற்குச் சாதகமாகத் தோன்றலாம். வழக்கின் இறுதியில் அதுவே பாதகமாகிறது. நேர்மையான கணக்குடைய நிறுவனமும் அதைக் காட்டவியலாதபோது தோற்கும்.

7. பதிவேட்டின் நிழல்கள்

இன்று நிருவாகத்தின் வருகைப்பதிவேடு தனித்திருப்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக்கு மாதந்தோறும் அனுப்பப்படும் மின்னணு விவரத்தாளில் பங்களிப்பில்லா நாட்களுக்கென ஒரு பத்தி உண்டு. தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்திற்கு அனுப்பும் விவரத்தில் ஊதியம் வழங்கப்பட்ட நாட்களின் எண்ணிக்கை பதிவாகிறது. நிறுவனம் தானே எழுதி, தன் கைக்கு வெளியே வைத்த கணக்குகள் இவை. நிறுவனத்தின் பதிவேட்டில் 18 நாட்கள் என்றும் காப்பீட்டு விவரத்தில் 24 நாட்கள் என்றும் இருப்பின், குறுக்கு விசாரணையில் முன்னதன் நம்பகத்தன்மை குலைகிறது. தினக்கூலித் தொழிலாளர்க்கும் அவர்தம் சங்கங்களுக்கும் இவை எளிதில் பெறத்தக்க சான்றுகளாகும்.

விரல்ரேகைக் கருவிவழி வருகைப்பதிவு மற்றொரு வினாவை எழுப்புகிறது. மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க, 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு உரிய சான்றிதழைக் கோருகிறது. கருவியை மாற்றும்போதும் மென்பொருள் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடியும்போதும் பழைய தரவைப் பேணாவிடில், சான்றிதழ் வழங்க ஆளிருந்தும் சான்று இராது.

8. செயற்கை இடைவெளிகள்

நாட்கணக்கை எட்டவிடாமல் சில நாட்கள் பணியை நிறுத்திப் பின் மீண்டும் அழைத்தல், ஒரே தொழிலாளியை வேறு ஒப்பந்தக்காரர் பெயருக்கு மாற்றுதல் ஆகிய நடைமுறைகள் அறியப்பட்டவையே. நிரந்தரத் தொழிலாளியின் தகுதியையும் சலுகைகளையும் மறுக்கும் நோக்குடன் தொழிலாளரைப் பதிலியாகவோ தற்காலிகராகவோ ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தல், தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி நேர்மையற்ற தொழில்நடைமுறையாகும். தொழிலாளியின் தவறின்றி நேர்ந்த பணிநிறுத்தம் தொடர்ச்சியை முறிக்காது என்னும் 25பி பிரிவின் முதற்பகுதி இத்தகைய இடைவெளிகளுக்கு எதிராகவும் துணைநிற்கிறது. இடைவெளி மாதாமாதம் ஒரே நாளில், ஒரே அளவில் பதிவேட்டில் தோன்றுமானால், அதை உருவாக்கியவர்க்கு எதிரான சான்றாக அப்பதிவேடே மாறுகிறது.

9. புதிய சட்டத்தொகுப்புகள்

29 மத்தியச் சட்டங்களை ஒருங்கிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. தொழில் உறவுகள் தொகுப்பும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் தொடர்பணிக்குரிய 240, 190 நாள் அளவுகளைத் தக்கவைத்துள்ளன. விதிவாசகம் பெரிதும் ஒத்திருப்பதால் மேற்கண்ட தீர்ப்புகளின் பயன் குன்றவில்லை. மாற்றங்களும் உள. ஆண்டு விடுப்புக்கான தகுதி 240இலிருந்து 180 நாட்களாகக் குறைந்துள்ளது. குறித்தகாலப் பணியாளர்க்குப் பணிக்கொடை பெற ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. பணியாளர் ஒவ்வொருவர்க்கும் நியமன ஆணை வழங்குதல் கட்டாயமாகிறது. நியமன ஆணையின்மையே 2002ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் தினக்கூலியரின் பெருந்தடையாக இருந்ததை நோக்க, இக்கடமை ஒரு படிவத்தின் அளவில் நின்றுவிடுவதன்று. 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மாநிலச் சட்டமாதலால், தொகுப்புகள் நீக்கிய மத்தியச் சட்டங்களின் பட்டியலில் அது இல்லை.

10. கடைப்பிடிப்புக்குரிய நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து வேலையளிப்பவர்க்கும் மனிதவளப் பிரிவினர்க்கும் சில நெறிகள் பெறப்படுகின்றன.

அ. வருகை, ஊதியம், விடுப்பு, விபத்து ஆகிய பதிவுகளை மாதந்தோறும் ஒப்பிட்டு, கணக்கில் சேரும் நாட்களைத் தனிப் பத்தியில் காட்டுதல் வேண்டும்.

ஆ. ஒவ்வொரு மாத இறுதியிலும் முந்தைய 12 மாதங்களுக்கும் 24 மாதங்களுக்குமான கூட்டுத்தொகையைப் பின்னோக்கிக் கணித்தல் வேண்டும்.

இ. விடுப்பு, ஆட்குறைப்பு, பணிக்கொடை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சூத்திரங்களைப் பயன்படுத்துதல் வேண்டும்.

ஈ. வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் அனுப்பும் நாட்கணக்கு நிறுவனப் பதிவேட்டுடன் ஒத்திருப்பதை அனுப்புவதற்கு முன்பே உறுதிசெய்தல் வேண்டும்.

உ. தொழிலாளிக்கு அவர்தம் நாட்கணக்கை ஊதியச்சீட்டிலேயே தமிழில் தெரிவித்து, மறுப்பைப் பதிவுசெய்ய வாய்ப்பளித்தல் வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் பெரும்பான்மைத் தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்று பணித்தது. அதன் நோக்கம் நாட்கணக்குக்கும் பொருந்துவதே.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது சட்டம் வெளிப்படையாகக் கோராதது. ஆயினும் மாதந்தோறும் தொழிலாளி கண்டு ஏற்ற கணக்கு, பின்னாளில் இருதரப்பும் மறுக்கவியலாத சான்றாகும்.

முடிவுரை

தொடர்பணி என்னும் கருத்து, உழைப்பின் நீட்சியை நாட்களாக மாற்றி அளக்கும் சட்டத்தின் முயற்சி. அவ்வளவையில் ஒரு நாள் கூடுவதும் குறைவதும் ஒருவரின் வேலையையும் முதுமைக்கான சேமிப்பையும் தீர்மானிக்கிறது. சட்டமன்றம் எண்ணை வகுத்தது. நீதிமன்றங்கள் எந்நாட்கள் சேரும் என்பதை விரித்துரைத்தன. ஆனால் அந்நாட்களை அன்றாடம் குறித்துவைப்பவர் நிறுவனத்தின் நேரக்காப்பாளரே. எழுதும் உரிமை ஒருதரப்பிடம் இருக்குமாயின், படிக்கும் உரிமை மறுதரப்பிற்கு இருத்தல் நீதி. 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் விதிகள் இதனை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தன. பிற உரிமைகளின் நாட்கணக்கிற்கும் அவ்விதிகளின் முறையை விரித்துரைப்பது குறித்து மேலும் ஆய்வுகள் நிகழ்தல் பயனுடையதாகும்.